நைட் டியூட்டியில் பால் எடுக்கும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

முதல் குழந்தைக்கு நாலு மாதம் முடிந்த கையோடு ஐசியூ நைட் டியூட்டிக்குத் திரும்பினேன். 26 வாரம் விடுப்பில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டதால் மிச்சம் இருந்தது 18 வாரம்தான். திரும்பிய மூன்றாவது வாரத்தில் ஒரு தடவைக்கு 120 மில்லி வந்துகொண்டிருந்த பால் 40க்கு இறங்கியது. தூக்கம் இல்லை, உடம்பு சூடு, பால் வற்றிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பிப் பவுடர் பாலுக்கு மாற்றிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பால் எடுக்கும் பம்ப்பைக் கட்டி மேலே போட எடுத்தபோதுதான் அதன் வால்வைப் பார்த்தேன். வாத்து அலகு மாதிரி இருக்கும் அந்த வெள்ளை ரப்பரின் நுனிப் பிளவு ஓரமாகக் கிழிந்து, விரலால் அழுத்தாமலே வாய் திறந்து கிடந்தது. மெஷின் சத்தம் போட்டதே தவிர உறிஞ்சவே இல்லை. சரியாக வடியாத மார்பு சில நாளில் சுரப்பைக் குறைத்துவிடும், எனக்கு நடந்தது அதுதான்.

இரண்டாவது குழந்தைக்கு ஒன்றே கால் வயது வரை நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே பால் கொடுத்தேன். அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன். எந்தச் சிக்கலாக இருந்தாலும் முதலில் கருவியைப் பாருங்கள், அப்புறம் நேரத்தை, கடைசியாக உடம்பை. நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது, எடுத்த எடுப்பில் தாயின் உடம்பைத்தான் குறை சொல்கிறோம்.

திடீரென்று பால் குறைந்துவிட்டது

முதலில் வால்வு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மெதுவாக அழுத்திப் பாருங்கள். பிளவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். தினமும் மூன்று நாலு தடவை பம்ப் செய்கிறவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை மாற்றிவிட வேண்டும், கிழியும் வரை காத்திருக்க வேண்டாம். கழுவும்போது பிரஷ்ஷை உள்ளே விட்டுக் குத்தாதீர்கள், நிறைய வால்வுகள் அப்படித்தான் கிழிகின்றன. அடுத்தது டியூப்: உள்ளே நீர்த்துளி இருந்தாலோ நுனி தளர்ந்திருந்தாலோ இழுப்பு குறையும். சார்ஜ் குறைந்த பம்ப்பும் அப்படித்தான், லைட் எரியும், சத்தம் வரும், இழுக்காது. மார்பில் பொருத்தும் புனலை உள்ளங்கையில் வைத்து ஆன் செய்து பாருங்கள், தோலைப் பிடித்து இழுக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது.

கருவி சரி என்றால் நேரம். இரவு எட்டு மணிக்கு உள்ளே போய்க் காலை எட்டு மணிக்கு வெளியே வரும் டியூட்டியில் மூன்று தடவை எடுக்க வேண்டும். நான் வீட்டில் ஏழேகாலுக்கு நேரடியாக ஊட்டிவிட்டுக் கிளம்புவேன், அப்புறம் 11, 2.30, 5.45, மறுபடி வீட்டுக்கு வந்ததும் குழந்தை. இதில் எல்லோரும் விடுவது நடுவில் இருக்கிற இரண்டரையை. விடவே கூடாததும் அதுதான். பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில், அதிலும் விடியலுக்கு முந்தைய மணிகளில், உயர்ந்திருக்கும். எனக்கு எப்போதும் அந்தத் தடவைதான் அதிகம் வரும். மார்பில் பால் தேங்கி நின்றால், "இவ்வளவு போதும்" என்று எடுத்துக்கொண்டு உடம்பு உற்பத்தியைக் குறைக்கும். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. வாரம் முழுக்க விட்டால் அடுத்த வாரம் பாட்டிலில் தெரியும்.

பல பேருக்குப் பால் குறைந்திருக்கவே இருக்காது, கணக்கு தெரியாததுதான் பயம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கும், கொஞ்சம் தாராளமாகக் கணக்கிட்டால் நீங்கள் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 30 முதல் 45 மில்லி. போய்வரும் நேரம் சேர்த்து 13 மணி நேரம் என்றால் 400 முதல் 580 மில்லி இருந்தால் தாராளம், இரவில் நன்றாகத் தூங்கும் குழந்தைக்கு அதுவும் வேண்டியிருக்காது. ஒரு தடவைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 80, 100 மில்லி வருவது நல்ல அளவு. பக்கத்து வார்டு சிஸ்டருக்கு 250 வருகிறதே என்று ஒப்பிட்டு அழாதீர்கள். குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவை நன்றாகச் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள், பால் போதுமா என்பதை அதுதான் சொல்லும்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் உடம்பு. சளிக்குச் சாப்பிட்ட மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்ததா? அது பாலைக் குறைக்கும். டியூட்டியில் மூக்கடைப்பு என்று ஸ்டாக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வது நமக்கெல்லாம் பழக்கம், அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுப் போடுங்கள். ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரையும் குறைக்கும், பாலூட்டுகிறேன் என்று சொன்னால் மகப்பேறு மருத்துவர் வேறு மாத்திரை தருவார். மாதவிடாய் திரும்பும் நாட்களை ஒட்டிச் சில பேருக்குக் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறும். மறுபடி கர்ப்பமாக இருந்தாலும் குறையும், சந்தேகம் இருந்தால் சோதித்துவிடுங்கள்.

பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறா புட்டு எல்லாம் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடு அது, நைட் பார்க்கும் உடம்புக்குத் தேவை. ஆனால் புட்டு சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணி பம்ப்பை விட்டால் பால் ஏறாது. தண்ணீரும் தாகத்துக்குக் குடித்தால் போதும், லிட்டர் கணக்கில் வற்புறுத்திக் குடிப்பதால் கூடுவதில்லை. பால் கூட்டும் மாத்திரை என்று யாராவது தந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

மார்பு நிறைந்திருக்கிறது, பம்ப் போட்டால் சொட்டுதான் வருகிறது

பால் இருக்கிறது, இறங்கவில்லை. பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன், பதற்றத்தில் அது வேலை செய்யாது. அப்போதுதான் ஒரு பேஷண்டுக்கு நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் யாருக்கும் பால் இறங்காது. எனக்கு ஒரு தடவை இருபது நிமிடம் உட்கார்ந்து பாட்டிலின் அடி கூட நனையவில்லை. அந்த நேரத்தில் இழுப்பைக் கூட்டாதீர்கள், புண்தான் ஆகும். பம்ப்பை நிறுத்திவிட்டு, கையைக் கழுவி, வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வையுங்கள். விரல் நுனியால் லேசாக, பூனையைத் தடவும் அழுத்தத்தில், காம்பை நோக்கித் தடவுங்கள். குழந்தை போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் ஒரு கவரில் கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். குழந்தை பால் கேட்டுச் சிணுங்கும் வீடியோ ஒன்று மொபைலில் இருக்கட்டும், எனக்குச் சிரிக்கும் வீடியோவை விட அதுதான் வேலை செய்தது. பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்காராதீர்கள், மேலே ஒரு குழந்தை சாக்ஸை மாட்டி மறைத்துவிடுங்கள்.

அப்படியும் வராவிட்டால் கையால் பீய்ச்சுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் சேர்க்க வேண்டும், காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. பம்ப் முடித்த பிறகும் இரண்டு நிமிடம் இப்படிப் பீய்ச்சினால் இன்னும் கொஞ்சம் வரும். பம்ப் கெட்டுப்போகிற இரவில் காப்பாற்றுவதும் இந்தக் கைதான், அதனால் வேலைக்குத் திரும்பும் முன்பே பழகிவையுங்கள்.

பம்ப் செய்தால் வலிக்கிறது, காம்பு சிவந்து தடிக்கிறது

புனல் அளவு தப்பு. பெட்டியோடு பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் வரும், நிறைய பேருக்கு அது பெரிது. பம்ப் செய்வதற்கு முன் காம்பின் அடிப்பகுதி அகலத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலில் அளந்து பாருங்கள், அதே அளவு அல்லது இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல் சரியாக இருக்கும். புனலுக்குள் காம்பு உரசாமல் முன்னும் பின்னும் போக வேண்டும், சுற்றியுள்ள கருவட்டம் அதிகமாக உள்ளே இழுபடக் கூடாது. புதுப் பம்ப் வாங்க வேண்டியதில்லை, உள்ளே செருகும் சிலிகோன் வளையம் தனியாகக் கிடைக்கிறது. இழுப்பு வலிக்காத அளவில் இருந்தால் போதும். உச்சத்தில் வைத்தால் பால் கூடும் என்பது உண்மையில்லை.

கல் மாதிரி கட்டிக்கொண்டது, காய்ச்சல் வேறு

இரண்டு அட்மிஷன் ஒன்றாக வந்து ஆறு மணி நேரம் நகர முடியாமல் போன இரவுக்கு அப்புறம் இது வரும். முதலில் வெறும் கட்டு: கனம், வலி, தொட்டால் சூடு. குழந்தைக்குக் கொடுங்கள் அல்லது வழக்கம் போல் பம்ப் செய்யுங்கள். கருவட்டம் இறுகிப் புனல் பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் கையால் பீய்ச்சி இளக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம். முன்பெல்லாம் சூடு கொடு, கட்டியை அமுக்கித் தேய் என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை, அழுத்தித் தேய்ப்பது உள்ளே வீக்கத்தைக் கூட்டும். வலி தீர வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பம்ப் போட்டுச் சுத்தமாகக் காலி செய்வதும் கூடாது, உடம்பு இன்னும் அதிகமாகச் சுரந்து மறுபடி கட்டும். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளலாம், உங்களுக்கு வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இபுப்ரோஃபெனுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டில் யாராவது மல்லிகைப்பூவைக் கட்டச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பாலை நிறுத்துவதற்கு நம் பக்கத்தில் காலம் காலமாகச் செய்வது.

ஒரு பக்கம் ஆப்பு வடிவில் சிவந்து, குளிர் நடுக்கமும் 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் வந்தால் மார்பக அழற்சி. 24 மணி நேரத்தில் குறையவில்லை என்றால், அல்லது நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் அதற்கும் முன்பே, மருத்துவரிடம் போங்கள். பாலூட்டும்போது எடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக் இருக்கிறது, பாலை நிறுத்த வேண்டியதில்லை, அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மருந்து எடுத்தும் ஒரு கட்டி மட்டும் கரையாமல் நின்றால் சீழ் பிடித்திருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இடம் இல்லை, விட மாட்டேன் என்கிறார்கள்

இதை உங்கள் கூச்சம் என்று நினைக்காதீர்கள், இதுவும் சரிசெய்ய வேண்டிய ஒரு கோளாறு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போகப் பாலூட்டுவதற்கென்று இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே எழுதினார்கள். 2017 திருத்தத்தில்தான் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வந்தன. சட்டம் தெரிந்திருப்பது பேசும்போது குரலை நிமிர்த்தும், ஆனால் எனக்கு இடம் வாங்கித் தந்தது வேறு. முதல் தடவை, "சிஸ்டர், கொஞ்சம் போயிட்டு வரட்டுமா" என்று கேட்டேன், ஒவ்வொரு இரவும் அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போனது. இரண்டாவது குழந்தையின்போது டியூட்டி தொடங்கும்போதே சொன்னேன்: "சிஸ்டர், 11, இரண்டரை, 5.45, மூணு தடவை இருபது இருபது நிமிஷம். அந்த நேரம் என் பெட்டை நாலாவது பெட் அக்கா பார்த்துப்பாங்க, அவங்க சாப்பிடப் போகும்போது நான் பார்த்துக்கறேன்." அதற்கு அப்புறம் யாரும் மறுக்கவில்லை. நேரத்தையும் மாற்று ஆளையும் நீங்களே சொல்லிவிட்டால் இன்சார்ஜுக்குத் தலையாட்டுவது மட்டும்தான் வேலை. நாலு மணிக்கு ரத்தம் எடுப்பது, பேஷண்டுகளுக்கு உடம்பு துடைத்துவிடுவது என்று வேலை குவியும் என்பதால்தான் நடுத் தடவையை இரண்டரைக்கு வைத்தேன்.

கழிப்பறையில் உட்கார்ந்து எடுக்காதீர்கள். துணி அடுக்கும் லினன் அறை, உடை மாற்றும் அறை, ஸ்டோர், எதுவானாலும் ஒரு நாற்காலியும் தாழ்ப்பாளும் இருந்தால் சரி. கால் சென்டரில், மில்லில் வேலை செய்கிறவர்கள் முதலுதவி அறையைக் கேட்டுப் பாருங்கள். வெகுதூரம் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது, அங்கேயும் எடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. வார்டு சிங்க்கில் பம்ப் பாகங்களைக் கழுவாதீர்கள், அந்த சிங்க்கில் என்னென்ன கிருமி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மூன்று செட் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு தடவைக்கு ஒன்று, அழுக்கானதைத் தனிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி ஐந்து நிமிடம் கொதிக்க வைத்துக் காற்றில் காய வையுங்கள். புற்றுநோய்க்கான கீமோ மருந்து கலக்கும் வார்டில் இருந்தால் பாலூட்டும் வரை வேறு இடம் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

பால் வாடை அடிக்கிறது, திரிந்த மாதிரி இருக்கிறது

மேலே ஏடு, கீழே தண்ணீர் மாதிரி இரண்டாகப் பிரிந்து நின்றால் கெட்டுப்போகவில்லை. கொழுப்பு மேலே வந்திருக்கிறது, பாட்டிலைச் சுழற்றினால் கலந்துவிடும். நீலம் பாய்ந்திருப்பதும் மஞ்சளாக இருப்பதும் சாதாரணம். லேசாக ரோஸ் நிறம் இருந்தால் காம்பில் வெடிப்பு, குழந்தைக்கு ஆபத்தில்லை, ஒரு சில நாளில் போகவில்லை என்றால் காட்டுங்கள்.

சோப்பு வாடை அடித்தால் பாலில் இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்திருக்கிறது. குடிக்கலாம், ஆனால் சில குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படியானால் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் சிறு குமிழி வரும் வரை மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, உடனே ஆற வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். புளிப்பு வாடை என்றால் கொட்டிவிடுங்கள்.

புளித்துப்போவது பெரும்பாலும் சூட்டில். 25 டிகிரி வரை உள்ள அறையில் நாலு மணி நேரம் என்பது கணக்கு, நம் ஊர் மே மாதத்தில் லினன் அறை 25 டிகிரியாக இருக்காது. எடுத்த உடனே ஐஸ் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். தடுப்பூசி கேரியர் மாதிரி தடித்த சுவர் உள்ள பெட்டியில், நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகள் பாட்டிலைத் தொடும்படி அடுக்கினால் 24 மணி நேரம் தாங்கும். தடுப்பூசி ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், அதைத் திறந்து மூடினாலே உள்ளே இருக்கும் மருந்துக்குக் கேடு. வீட்டு ஃபிரிட்ஜில் நாலு நாள், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி. தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் ஆறு மாதம், பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் அறை என்றால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கரன்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். திரும்ப வந்தபோது பாலில் ஐஸ் துகள் மிச்சம் இருந்தால் மறுபடி உறையட்டும், முழுதாக உருகியிருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்பவரிடம் இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது, எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். எங்கள் அத்தை முதல் நாள் பாலை அடுப்பில் வைத்துப் பொங்கவிட்டுத்தான் கொடுத்தார், பசும்பால் காய்ச்சிய பழக்கம். "பச்சையாவா குழந்தைக்குக் கொடுக்கறது" என்று அவருக்கு உண்மையிலேயே பயம். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை வைத்து வெதுவெதுப்பானால் போதும், நேரடி மார்பிலிருந்து குடிப்பதும் காய்ச்சாத பால்தானே என்று உட்கார்ந்து பேசிய பிறகு ஒத்துக்கொண்டார். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அதனால் 60 மில்லி, 80 மில்லியாகப் பிரித்து வையுங்கள், கொட்டும்போது மனசு வலிக்காது.

இரவில் எடுத்த பாலை வாங்க மாட்டேன் என்கிறது, பகலில் என்னை விடவே இல்லை

இரண்டும் ஒரே சிக்கல். குழந்தை இரவு முழுக்கக் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, நீங்கள் தூங்க வேண்டிய பகலில் எல்லாவற்றையும் ஈடுகட்டுகிறது. பாட்டில் பிடிக்காவிட்டால் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுத்துப் பாருங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கே நாங்கள் அதில்தான் கொடுக்கிறோம், உதட்டில் வைத்து அதுவாக நக்கிக் குடிக்க விட வேண்டும், தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. பசித்து அலறும்போது பழக்காதீர்கள், பாதிப் பசியில், நீங்கள் அந்த அறையில் இல்லாதபோது, வேறொருவர் கொடுக்கட்டும். டியூட்டி தொடங்க இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்தால் நல்லது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ராகிக் கூழிலும் கஞ்சியிலும் எடுத்து வைத்த பாலைக் கலக்கலாம்.

பகலுக்கு நான் செய்தது இது. காலை எட்டே முக்காலுக்கு வந்ததும் குளித்துவிட்டு ஊட்டுவேன், ஒன்பதரை முதல் ஒன்றரை வரை என்னை யாரும் எழுப்பக் கூடாது. நடுவில் ஒரு தடவை அத்தை பாலாடையில் கொடுப்பார். எழுந்ததும் நேரடியாக ஊட்டி, மறுபடி மாலையில் ஒரு தூக்கம். அந்த நாலு மணி நேரத்தை வீட்டில் சண்டை போட்டாவது வாங்குங்கள். காலையில் ஊட்டும்போது சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்காராதீர்கள், பன்னிரண்டு மணி நேரம் விழித்த உடம்பு எந்த நொடி தூங்கும் என்று தெரியாது, குழந்தை இடுக்கில் சிக்கினால் மூச்சு முட்டிவிடும். ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, கண் சொக்கியதும் குழந்தையை எடுத்துத் தொட்டிலில் போடச் சொல்லுங்கள். டியூட்டியில் காபி இரண்டு டம்ளர் குடிக்கலாம், பாலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் நாலு மணிக்கு மேல் குடித்தால் ஒன்பதரை மணித் தூக்கம் உங்களுக்கு வராது.

பம்ப்பை நிறுத்தலாம் என்று இருக்கிறது

ஒரே இரவில் நிறுத்தினால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் போய் முடியும். முதலில் 11 மணி தடவையை விடுங்கள், நாலைந்து நாள் மார்பு பழகட்டும், அப்புறம் 5.45. இரண்டரை கடைசியாகப் போகட்டும், அதையும் நிமிடத்தைக் குறைத்துக் குறைத்து. வேலையில் நிறுத்தினாலும் வீட்டில் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை, என் குழந்தை 11 மாதத்துக்கு மேல் இரவில் சோறும் கூழும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, காலையில் கேட் சத்தம் கேட்டதும் தவழ்ந்து வந்து என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கும்.